படத்துக்குள் கை போகுமா?

படப்புத்தகம், பொம்மை, திரை ஆகியவற்றைக் குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

என் மகளுக்கு ஒன்பது மாதம். படப்புத்தகத்தில் பால்புட்டி உள்ள பக்கத்தைத் திறந்தால் போதும், புட்டியைப் பிடுங்கி எடுக்கப் பார்க்கிறாள். நகத்தால் சுரண்டுகிறாள். ஒருநாள் குனிந்து வாயையே வைத்துவிட்டாள். "படம் எது, பொருள் எது என்று பிள்ளைக்குத் தெரியவில்லையே, கண் டாக்டரிடம் காட்டு" என்கிறார் என் மாமியார். கவலைப்பட வேண்டுமா அம்மா?

வேண்டாம். வழக்கமான பரிசோதனைகளை அந்தந்த நேரத்தில் செய்துகொள்ளுங்கள். இதற்காகத் தனியாக ஓட வேண்டியதில்லை. படத்தில் இருப்பது பால்புட்டி என்று அடையாளம் கண்டுகொண்டதால்தான் அவள் வாயை வைத்தாள். படமே கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்கு அந்த ஆசை வந்திருக்காது. மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அவளுடைய கையை மட்டும் கவனியுங்கள். முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள், கவனம் போய்விடும். விரல்கள் குவிந்து வரும். காகிதத்தில் பட்டதும் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கும். உடனே விட்டுவிட மாட்டாள். உள்ளங்கையால் தடவுவாள், தட்டுவாள், ஓரத்தைச் சுரண்டுவாள். சில குழந்தைகள் தாளைத் தூக்கி மறுபக்கத்தையும் பார்த்துவிடும். ஏமாந்த குழந்தை அழும். இவர்கள் பெரும்பாலும் அழுவதில்லை, சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோஷும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். பொருள்களின் தத்ரூபமான வண்ணப் படங்கள் கொண்ட புத்தகத்தை ஒன்பது மாதக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். உங்கள் மகள் செய்வதையே அவர்களும் செய்தார்கள். படப்புத்தகங்களுக்கு நடுவே வளரும் குழந்தைகள் மட்டும்தான் இப்படியா என்ற சந்தேகம் வருமல்லவா? மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் பெங் மக்களிடம் போனார்கள். படப்புத்தகம் அநேகமாக இல்லாத வீடுகள். அங்கும் குழந்தைகள் அதே போலத் தடவினார்கள், பிடுங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் பதினைந்து மாத, பத்தொன்பது மாதக் குழந்தைகளிடம் அதே புத்தகத்தைக் காட்டியபோது பிடுங்குவது குறைந்துகொண்டே வந்தது. பத்தொன்பது மாதத்தில் கை விரித்துப் போவதில்லை. ஒற்றை விரல் நீளுகிறது. எடுப்பதை விட்டுச் சுட்டத் தொடங்குகிறார்கள். கூடவே பெயரும் சொல்கிறார்கள்.

"அப்படியானால் ஒன்பது மாதத்தில் படத்தையும் பொருளையும் ஒன்றென்றே நினைக்கிறாளா?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இல்லை. பிறந்து சில நாட்களே ஆன சிசுகூட ஒரு பொருளையும் அதன் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பொருளைத்தான் அதிக நேரம் பார்க்கிறது. ஐந்து மாதத்தில், நேரில் பார்த்துப் பழகிய பொம்மையைப் புகைப்படத்தில் அடையாளம் காண்கிறது. ஆக வேறுபாடும் தெரிகிறது, ஒற்றுமையும் தெரிகிறது. தெரியாதது ஒன்றுதான்: இந்தத் தட்டையான சமாச்சாரம் எந்த வகைப் பொருள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது. அதைத்தான் கையால் கேட்கிறாள்.

என் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு யார் வந்தாலும் மேசையில் ஒரு கரண்டியையும் அதே கரண்டியின் புகைப்படத்தையும் வைத்துவிடுவது என் வழக்கம். பெற்றோர் இதைப் பரீட்சை என்று நினைத்துப் பதறுகிறார்கள். எனக்கு அது பொழுதுபோக்கு. கை பெரும்பாலும் கரண்டிக்குத்தான் முதலில் போகும். கரண்டியை எடுத்து மறைத்துவிட்டால்தான் படத்துக்கு மவுசு வரும். நீங்களும் புட்டியையும் புட்டிப் படத்தையும் வைத்துப் பாருங்கள், மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது இன்னதென்று அடையாளம் காண யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜூலியன் ஹாக்பர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1962-இல் ஒரு விசித்திரமான ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் சொந்தக் குழந்தையை ஏறத்தாழ பத்தொன்பது மாதம் வரை படங்களை விட்டு முடிந்த அளவு விலக்கியே வளர்த்தார்கள். பொருள்களின் பெயர்களை மட்டும் நேரில் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கோட்டோவியங்களையும் புகைப்படங்களையும் காட்டியபோது குழந்தை இன்னதென்று பெயர் சொல்லிவிட்டது. அடையாளம் காண்பது கண்ணோடு வருகிறது. படம் என்பது பார்த்துப் பேசுவதற்கான ஒன்று, எடுப்பதற்கானது அல்ல என்ற வழக்கம் மட்டும் மனிதர்களிடமிருந்து வர வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்ல அது வரும். கையைத் தட்டிவிடாதீர்கள். தடித்த அட்டைப் புத்தகமாக வாங்கினால் போதும்.

பேரன் வேறு ஊரில் இருக்கிறான், வயது ஒன்றே கால். வாரம் இருமுறை வீடியோ அழைப்பில் பேசுகிறோம். என்னைப் பார்த்ததும் சிரிப்பான், தன் பந்தைத் திரையில் வைத்து அழுத்தி "இந்தா" என்பான். ஆனால் சென்ற மாதம் நேரில் போய்க் கையை நீட்டினால் அவன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அப்படியானால் திரையில் அவன் பார்ப்பது என்னை இல்லையா?

உங்களைத்தான் ஐயா. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். திரையில் நீங்கள் உள்ளங்கை அளவு முகம். அவனை ஒருபோதும் தூக்க முயன்றதில்லை. நேரிலோ ஆளுயரம், குரலும் வேறு, போதாததற்குக் கையும் நீள்கிறது. அந்த வயதில் நன்கு பழகாதவர்களைக் கண்டு மிரள்வது இயல்பு. அடுத்த முறை போனதும் தூக்கப் போகாதீர்கள். தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வீடியோவில் பாடும் அதே பாட்டைப் பாடுங்கள். அவன் வருவான்.

திரை என்றாலே கெடுதல் என்று எழுதும் கூட்டத்தில் நான் இல்லை. பதிவு செய்த வீடியோவும் உங்கள் அழைப்பும் ஒன்றல்ல. அவன் சிரித்தால் நீங்கள் சிரிக்கிறீர்கள், அவன் பந்தைக் காட்டினால் "பந்தா கண்ணு?" என்கிறீர்கள். பதிவில் இருப்பவருக்கு அது முடியாது. 2014-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுத்தந்தார்கள். நேரில் கற்றவர்களும் வீடியோ அழைப்பில் கற்றவர்களும் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்களுக்கு வரவில்லை. 2017-இல் ஒன்று முதல் இரண்டு வயதுவரையான குழந்தைகளோடு ஒரு வாரம் வீடியோவில் பேசிப் பார்த்தார்கள். பேசியவரை அடையாளம் கண்டு அவரையே விரும்பினார்கள். புதிய சொற்களைக் கற்றதோ அந்தக் குழந்தைகளில் வயதில் மூத்தவர்கள் மட்டும். எனவே உங்கள் பேரனுக்கு இப்போது இந்த அழைப்பு மொழி வகுப்பு அல்ல, உறவு. அது போதாதா?

ஒரு யோசனை. அவனிடம் இருப்பது போலவே ஒரு பந்து வாங்கி உங்கள் பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பந்தைத் திரையில் அழுத்தும்போது அதை வாங்கிக்கொண்டது போல உங்கள் பந்தைத் தூக்கிக் காட்டுங்கள். அவன் பக்கத்தில் அவன் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து "தாத்தா வாங்கிக்கிட்டாங்க பார்" என்று சொல்லட்டும். திரைக்கும் அறைக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். தனியாக அவனால் அந்தப் பாலத்தைக் கட்ட முடியாது.

என் மகனுக்கு ஒன்றரை வயது. சொற்கள் கற்றுத்தரும் வீடியோ தினமும் போடுகிறோம். ஆசையாகப் பார்க்கிறான். "சீப்பு எங்கே?" என்றால் திரையில் தொட்டுக் காட்டுகிறான். நிஜச் சீப்பைக் கையில் கொடுத்துக் கேட்டால் விழிக்கிறான். இன்னும் அதிக நேரம் போட வேண்டுமா?

குறைக்க வேண்டும். முடிந்தால் நிறுத்த வேண்டும்.

நீங்கள் கண்டுபிடித்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 1999-இல் ரேச்சல் பார், ஹார்லீன் ஹெய்ன் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையை வைத்துச் சில செயல்களைச் செய்து காட்டினார்கள். நேரில் பார்த்தவர்கள் திரும்பச் செய்தார்கள். அதையே டிவியில் பார்த்தவர்கள் மிகவும் பின்தங்கினார்கள். 2009-இல் பதினைந்து மாதக் குழந்தைகளிடம் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். நிஜப் பொம்மையில் ஒரு பொத்தான், தொடுதிரையில் அதே பொம்மை, அதே பொத்தான். பொம்மையில் கற்றதைப் பொம்மையில் செய்தார்கள். திரையில் கற்றதைத் திரையில் செய்தார்கள். ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்குக் கொண்டுபோவதில்தான் திணறினார்கள், இரண்டு திசையிலும். உங்கள் மகனின் சீப்பு மாட்டிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான்.

பட்ரிசியா கூல் என்ற மொழி ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்தமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசிய மனிதரிடமிருந்து அந்த ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே மனிதர், அதே பேச்சு, வீடியோவில் வந்தபோது ஒன்றும் ஏறவில்லை.

வீடியோ விற்பவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதற்குக் காரணம் 2010-இல் வந்த டிலோஷின் ஆய்வு. நன்றாக விற்ற ஒரு சொல்-வீடியோவைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே நான்கு வாரம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பார்க்காத குழந்தைகளைவிட ஒரு சொல்லும் கூடுதலாக அவர்கள் கற்கவில்லை. அதிகம் கற்றவர்கள், வீடியோவே இல்லாமல் பெற்றோர் அன்றாடம் பேசும்போது சொல்லிக்கொடுத்த குழந்தைகள். வீடியோவை விரும்பிய பெற்றோரோ தங்கள் பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். பிள்ளை ஆசையாகப் பார்ப்பதைக் கற்பதாக எடுத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு: இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

சீப்பை எடுத்து அவன் தலையை வாருங்கள். பிறகு அவன் உங்கள் தலையை வாரட்டும். சீப்புப் படத்தை அதற்குப் பின்னால் காட்டுங்கள்.

நான் தச்சு வேலை செய்பவன். எங்கள் அறையைப் போலவே கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் வைத்து என் இரண்டரை வயது மகளுக்கு ஒரு சின்ன அறை செய்தேன். சின்னக் கட்டிலுக்கு அடியில் சின்னப் பந்தை வைத்துக் காட்டி, "உன் பெரிய பந்தும் பெரிய கட்டிலில் இதே இடத்தில் இருக்கிறது, எடுத்து வா" என்றேன். அறையெல்லாம் தேடினாள், கட்டிலுக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. ஆனால் சின்னப் பந்து எங்கே என்றால் சரியாக எடுக்கிறாள். கட்டிலைப் போனில் படம் எடுத்துக் காட்டினால் பெரிய பந்தையும் எடுத்துவிடுகிறாள்! நான் செய்த அறையைவிட ஒரு போட்டோவா உசத்தி?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓர் உளவியல் ஆய்வகம் செய்ததை அப்படியே வீட்டில் செய்திருக்கிறீர்கள்.

1987-இல் டிலோஷ் வெளியிட்ட சோதனை இதுதான். சின்ன அறையில் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டுப் பெரிய அறையில் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் நேரே போய் எடுத்தார்கள். இரண்டரை வயதினர் உங்கள் மகளைப் போலவே தடுமாறினார்கள். மறதி காரணம் அல்ல. சின்ன அறையில் எங்கே ஒளித்தது என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். புகைப்படத்தைக் காட்டினால் அதே இரண்டரை வயதினர் வெற்றி பெறுகிறார்கள்.

உங்கள் வேலைப்பாடு குறைவானதால் அல்ல, மிகவும் நன்றாக இருப்பதால்தான் அவளுக்குக் கஷ்டம். போட்டோவை வைத்துக்கொண்டு விளையாட ஒன்றுமில்லை. அது இன்னொன்றைக் காட்டும் வேலையை மட்டும் செய்கிறது. நீங்கள் செய்த அறையோ, தானே ஓர் அருமையான பொருள். கட்டிலைத் தூக்கலாம், அலமாரியைத் திறக்கலாம். அதைப் பொருளாகவும் வேறோர் அறையின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் மனதில் வைக்க இரண்டரை வயதுக்கு இடம் போதவில்லை. சின்ன அறையைத் தொட முடியாதபடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தபோது இரண்டரை வயதினர் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1997-இல் அதே குழு, அறையைச் சுருக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாகக் குழந்தைகளை நம்பவைத்தது. பெரிய அறையில் பொம்மையை ஒளித்துக் காட்டி, விளக்குகள் மினுக்கும் ஒரு கருவியை அதற்கு முன்னால் வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். விநோத ஒலிகள் கேட்டன. திரும்பி வந்து பார்த்தால் அறை சின்னதாகிவிட்டிருந்தது! இப்போது அதே இரண்டரை வயதினர் பொம்மையைச் சுலபமாகக் கண்டுபிடித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது வேறோர் அறையின் அடையாளம் அல்ல. அதே அறை, சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். அடையாளம் என்ற சிக்கலை எடுத்துவிட்டால் தேடுவது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரியவர்களுக்கு மந்திரம் நம்ப முடியாதது, மாதிரி அறை எளிது, குழந்தைகளுக்கு நேர்மாறு.

ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்த அறையை அவள் இஷ்டத்துக்கு விளையாட விடுங்கள். கீல்களில் விரல் சிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகன், வயது ஒன்றே முக்கால், உள்ளங்கை அளவு பொம்மைக் காருக்குள் காலை விட்டு ஏறப் பார்க்கிறான். மிகத் தீவிரமாக முயல்கிறான். விளையாட்டா, புத்தி மந்தமா?

இரண்டும் இல்லை. 2004-இல் ஆய்வாளர்கள் இதற்கு "அளவுப் பிழை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரை பல குழந்தைகள் செய்வதுதான். காரைக் கண்டதும் ஏறும் எண்ணம் எழுந்துவிடுகிறது, அளவைப் பற்றிய அறிவு அதைத் தடுக்கத் தவறிவிடுகிறது. கார் உடைந்துவிடாமல் காப்பாற்றுங்கள், அது போதும்.

புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு "படிக்கிறாள்". திருப்பிக் கொடுத்தால் கோபம். ஒன்றரை வயது.

விட்டுவிடுங்கள். அந்த வயதில் படம் எந்தப் பக்கம் நின்றாலும் அவர்களுக்கு ஒன்றே. இரண்டரை வயதில் தானே திருப்பி வைப்பாள், நீங்கள் தலைகீழாக வைத்தால் உங்களைத் திருத்தவும் செய்வாள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு எந்த மாதிரிப் படப்புத்தகம் வாங்கலாம்? கடையில் இழுத்தால் வால் ஆடும் புத்தகம், திறந்தால் எழுந்து நிற்கும் புத்தகம் எல்லாம் இருக்கின்றன.

சாதுவான புத்தகமாக வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், தெளிவான புகைப்படம் அல்லது அதற்கு நெருக்கமான ஓவியம். ஒன்றேகால், ஒன்றரை வயதினர் புத்தகத்தில் கற்ற பெயரை நிஜப் பொருளுக்குக் கொண்டுபோவது, கேலிச்சித்திரத்தைவிடத் தத்ரூபமான படத்தில் சுலபமாக நடக்கிறது. வால் ஆடும் புத்தகத்தில் குழந்தை வாலைத்தான் கவனிக்கும், மாட்டை அல்ல. தச்சருக்குச் சொன்ன காரணம்தான் இங்கும். விளையாடுவதற்கென்று வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வால் சீக்கிரம் கையோடு வந்துவிடும்.

மூன்று வயதாகிறது என் மகனுக்கு. டிவியில் சிங்கம் வந்தால் நாற்காலியை இழுத்து டிவிக்கு முன்னால் தடுப்பாக வைக்கிறான். "அது வெறும் படம்" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

"வெறும் படம்" என்பதே அவன் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கருத்து. கட்டி முடிக்காத வீட்டில் குடியேறச் சொல்கிறீர்கள். ஜான் ஃபிளேவல் என்ற உளவியலாளர் 1990-இல் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: டிவியில் தெரியும் கிண்ணத்தில் பாப்கார்ன் இருக்கிறது, டிவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கொட்டுமா? மூன்று வயதினர் பலர் கொட்டும் என்றார்கள். நான்கு வயதினருக்குக் கொட்டாது என்று தெரிந்திருந்தது. ஆகவே உங்கள் மகன் தன் வயதுக்குச் சரியாகவே இருக்கிறான். போதாக்குறைக்கு முன்னெச்சரிக்கையும் உள்ளவன்.

நாற்காலியை எடுக்கச் சொல்லாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். டிவியை அணைக்கும் பொத்தானை அவன் கையில் கொடுங்கள். சிங்கம் வந்ததும் அவனே அணைக்கட்டும், அவனே மறுபடி போடட்டும். அணைத்திருக்கும்போது சிங்கம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.